பி.டி. சாருக்கு ஒரு நாற்காலி

சன்னலோரம் நீங்களே இருங்க அண்ணாச்சி. எனக்குக் காத்து ஆகாது, தொண்டை கட்டிரும். இன்னைக்கு இந்தத் தொண்டையைக் கைக்குழந்தை மாதிரி கொண்டு போறேன். பனங்கற்கண்டு வேணுமா? சும்மா ரெண்டு துண்டு வாயில போடுங்க. இந்தப் பஸ்ஸு தின்னவேலி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு. அதுவரைக்கும் வாயை மூடிட்டு வந்தா எனக்கு மண்டை கழண்டு கோட்டி பிடிச்சிரும். பையத்தான் பேசுவேன். சத்தம் கூடிச்சுன்னா கையைத் தட்டிச் சொல்லிருங்க.

நான் ஆதிலிங்கம். பி.டி. ஆதிலிங்கம்னு கேட்டா திருச்செந்தூர்ல இருந்து சாத்தான்குளம் வரைக்கும் சொல்லுவாவ. பி.டி.ன்னா காலேஜ்ல விளையாட்டு வாத்தியார், விசிலும் கையுமா அலையுத ஆள். எங்க காலேஜு தேரிக்காட்டு ஓரத்துல இருக்கு, சுத்திச் செம்மணலு, பனைமரம். இருவத்தெட்டு வருசம் அங்கன வேலை பாத்தேன். மூணு வாரத்துக்கு முந்தித்தான் ரிட்டயர் ஆனேன். சால்வை போட்டாவ, ஒரு சுவர்க் கடியாரம் குடுத்தாவ, ரெண்டு பேரு பேசினாவ. சரி, அது கெடக்கட்டும். நான் சொல்ல வந்தது பொம்பளப் பிள்ளைய கபடி டீமைப் பத்தி.

கபடி தெரியும்லா? எதிர் டீம்ல இருந்து ஒருத்தி கபடி கபடின்னு பாடிட்டு வருவா. நம்ம பக்கம் ஏழு பேரு நிப்பாளுவ. அவ ஒருத்தியைத் தொட்டுட்டுத் திரும்பி ஓடிட்டா அவளுக்குப் பாயிண்டு. நாம அவளைப் பிடிச்சு அமுக்கிட்டா நமக்குப் பாயிண்டு. அவ்வளவுதான் ஆட்டம். இதுல நான் ஒரு முறை கண்டுபிடிச்சு வச்சிருந்தேன். பொறுமைக் கபடி. பிடிக்கப் போனாத்தானே அவ தொடுவா? போகாம பின்னால தள்ளி நின்னுட்டா? வருவா, பாப்பா, சலிச்சுப் போயித் திரும்பிருவா. "விடுங்கட்டி, தொடாதீங்கட்டி, விடு விடு"ன்னு வெளிய நின்னு கத்திட்டே இருப்பேன். இருவத்தெட்டு வருசமும் இதுதான்.

கப்பா? கப் வாங்கினது இல்ல. ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுங்க. நாலு பாயிண்டு, அஞ்சு பாயிண்டு, அதுக்கு மேல வித்தியாசத்துல எங்க டீம் தோத்ததே கிடையாது. மத்த காலேஜ்காரனுவ இருவது முப்பதுன்னு தோத்துட்டுத் தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போவான். நாங்க கவுரவமாத் தோப்போம்.

போன ஆனி மாசம் தாளாளர் ஐயா கூப்பிட்டு விட்டாவ. போனேன். சன்னல் வழியா எங்க கபடி ஆடுகளத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாவ, "ஆதிலிங்கம், புதுசா மூணு பஸ் வாங்குதோம். நிப்பாட்ட ஷெட்டு வேணும். இந்த வருசம் மண்டலப் போட்டியில கப் வந்தா கபடி இருக்கும். வரலைன்னா டீமைக் கலைச்சிருவோம், அந்த இடத்துல ஷெட்டு போட்டிருவோம்"னு. அந்த மண்ணைத் தினமும் தண்ணி தெளிச்சு, கல்லு பொறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டது நான். ரிட்டயர் ஆகுற வருசத்துல என் கையாலயே மூடிட்டுப் போகணும்னா எப்பிடி இருக்கும்? வெளிய வந்து பைப்பைத் திறந்து விட்டு மூஞ்சியைக் கழுவிட்டு நின்னேன். அழுதேன்னே வச்சிக்கிடுங்க.

"ஆனா உங்களுக்கு உதவிக்கு ஒரு ஆளைப் போடுதேன்"னாவ. ஏன்னு கேட்டா, பிள்ளைய எல்லாம் சேந்து ஒரு மனு எழுதிக் குடுத்திருக்காளுவ. ஏழு பேரும் கையெழுத்து. "எங்களுக்குப் பிடிக்கச் சொல்லித் தர ஒரு கோச் வேணும்"னு. பாத்தீயளா? என் வயசு என்ன, நான் வெயில்ல நிக்கேனே, தனியாக் கஷ்டப்படுதேனேன்னு பிள்ளையளுக்கு எம்மேல அவ்வளவு கரிசனம். கேப்டன் ஜெனோவா இருக்காள்லா, மணப்பாட்டுப் பிள்ளை, அவதான் முதல் கையெழுத்து. தங்கமான பிள்ளை.

வந்தது யாருன்னா, சந்தனமாரின்னு கோவில்பட்டிப் பக்கத்துப் பொம்பள. முப்பத்தி நாலு வயசு இருக்கும். தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசரா இருந்துக்கிட்டே மாவட்ட டீமுக்கு ஆடினவ. குட்டையா இருப்பா, முட்டி ரெண்டுலயும் தழும்பு. கபடிக்காரங்க மத்தியில அவளுக்கு ஒரு பேரு உண்டு. "அந்தக் கோட்டிக்காரியா?"ன்னுதான் கேப்பாவ.

இண்டர்வியூல நானும் பக்கத்துலதான் இருந்தேன். தாளாளர் ஐயா கேட்டாவ, "உங்க முறை என்னம்மா?"

"பாஞ்சிருவோம் சார்."

"யாரு பாயுவா?"

"எல்லாரும்."

"எப்போ?"

"அவ கோட்டைத் தாண்டி ரெண்டு தடவ கபடின்னு சொல்லதுக்குள்ள."

"அவ தப்பிச்சிட்டா?"

"அடுத்தவ வருவால்லா சார். அவ மேல பாஞ்சிருவோம்."

தாளாளர் ஐயா சிரிச்ச சிரிப்புல கண்ணாடியைக் கழத்திக் கண்ணைத் துடைச்சாவ. நான் சிரிக்கல. ஏழு பேரும் பாஞ்சா, பின்னால யாருட்டி நிப்பா? அதுக்கப்புறம் அவ ஒரு நிபந்தனை போட்டா. "ஆட்டம் நடக்கும்போது வெளிய இருந்து நான் ஒருத்திதான் பேசுவேன். வேற ஒரு சத்தம் கேக்கக்கூடாது. கேட்டா நான் கெளம்பிருவேன்." நியாயந்தானே? வேடிக்கை பாக்க வார பயலுவ கண்டபடி கத்துவான்லா. அவனுவளைத்தான் சொல்லுதான்னு நானும் தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலையில ஆரம்பிச்சா பாருங்க. பழைய டிராக்டர் டயரு ஒண்ணை எங்கிருந்தோ உருட்டிட்டு வந்தா. தேரி மேட்டு மேல ஏத்தி நிப்பாட்டி, "விடுதேன், கீழ வரும், கோட்டைத் தொடுமுன்ன சாய்க்கணும்"னு ஒரே தள்ளு. ஏழு பிள்ளையளும் கத்திட்டு ஓடி அது மேல விழுதாளுவ. டயரு ஒரு பக்கம், பேச்சித்தாய் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். பேச்சித்தாய்ங்கிறது எங்க டீம்ல ரொம்பப் பொடிசு, காத்தடிச்சாப் பறந்திருவா. நான் "விடுங்கட்டி, டயரை விடுங்கட்டி"ன்னு கத்துதேன். ஒருத்தி கேக்கணுமே! ஒரு நாள் பிடி தவறி டயரு போன போக்குல பிரின்சிபால் ரூம் வாசல்ல போயி அஞ்சு ரோசாத் தொட்டியைச் சாய்ச்சிட்டு, மரியாதையா அவரு கதவுல சாஞ்சு நின்னுச்சு.

அதுக்குப் பெறவு பிள்ளையளுக்கு இது ஒரு வியாதி ஆயிட்டு அண்ணாச்சி. பரீட்சை ஹால்ல காத்துக்கு ஒரு பேப்பர் பறந்திருக்கு, ஜெனோவாவும் இன்னொருத்தியும் பெஞ்சைத் தாண்டிப் பாஞ்சு பிடிச்சிருக்காளுவ. மேற்பார்வைக்கு வந்த மேடம் மயக்கம் போடாத குறை. ஹாஸ்டல்ல ஒரு குரங்கு தட்டுல இருந்த இட்லியைத் தூக்கிருக்கு. ஏழு பேரும் விட்டுக் குடுக்கல. அந்தக் குரங்கு பெறவு அந்தக் கட்டடத்துப் பக்கமே வரல. எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் என்னையறியாமச் சிரிப்பு.

முத ஆட்டம், பக்கத்து பாலிடெக்னிக்கோட சும்மா பழகுறதுக்கு. அந்தப் பக்கத்துப் பிள்ளை பாடிட்டு வந்தா. சந்தனமாரி ஒரு கையைத் தூக்கினா. ஏழு பேரும் ஒரே பாய்ச்சல்! அந்தப் பிள்ளை சும்மா குனிஞ்சா அண்ணாச்சி, வேற ஒண்ணுமே செய்யல, குனிஞ்சா. ஏழு பேரும் அவ தலைக்கு மேல, இடுப்புக்குப் பக்கத்துலன்னு போயி எல்லைக் கோட்டுக்கு வெளிய விழுந்துட்டாளுவ. அவளைத் தொடாம கோட்டுக்கு வெளிய போனா அவுட்டு. ஏழு பேரும் அவுட்டு. டீமே காலியானதுக்கு மேல ரெண்டு. ஒரே மூச்சுல ஒம்பது பாயிண்டு! என் காலத்துல ஒரு முழு ஆட்டத்துக்கே ஒம்பது குடுக்க நான் யோசிப்பேன். அந்தப் பிள்ளை இன்னும் குனிஞ்ச படியே இருக்கா, நிமிந்து பாத்தா எதிர்ல ஒருத்தருமே இல்ல.

நான் தலையில கையை வச்சிட்டு உக்காந்துட்டேன். சந்தனமாரி விழுந்து விழுந்து சிரிக்கா. "சபாஷ்! ஒருத்திகூடப் பின்தங்கலயே! இதைத்தான் கேட்டேன்"ங்கா. இவளை வச்சிக்கிட்டுக் கப்பாம்! அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. பஸ் ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுத மாதிரியே இருந்துச்சு.

ரெண்டாவது ஆட்டத்துல என்னால பொறுக்க முடியல. நிபந்தனையாவது ஒண்ணாவது! எதிர் டீம் பிள்ளை பாடிட்டு உள்ள வாரா, இவளுவ கண்ணெல்லாம் பாய்ச்சல்ல இருக்கு. நான் எந்திரிச்சு நின்னு அடித்தொண்டையில ஒரு சத்தம். "விடுங்கட்டி! தொடாதீங்கட்டி! போறா விடு!" மைதானமே திரும்பிப் பாத்துச்சு. அந்தப் பிள்ளையும் என்னியப் பாத்தா. சரி, விட்டுருவாளுவ போலன்னு லேசாச் சிரிச்சா, கடைக்குப் போற மாதிரி சாவகாசமா ரெண்டு அடி உள்ள வச்சா. அவ்வளவுதான். ஏழு பேரும் மேல விழுந்துட்டாளுவ. மூச்சு விடக்கூட வழியில்ல. பாயிண்டு நமக்கு!

நான் பதறிப்போயிச் சந்தனமாரியைப் பாத்தேன். நிபந்தனையை மீறிட்டோமே, பெட்டியைத் தூக்கிருவாளேன்னு. அவ என்னியப் பாத்தா. கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்ச்சு, அப்பிடி ஒரு பார்வை. வந்து ரெண்டு மாசமா என்னிய அவ முழுசாப் பாத்தது அன்னைக்குத்தான்.

மறுநாள் காலையில கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணைக் கொண்டு வந்து போட்டா. "சார், இனிமே நீங்க இதுலதான் இருக்கணும். எல்லாரும் வாயை மூடிட்டு இருக்கணும், நீங்க மட்டும் கத்தலாம். என்ன தோணுதோ கத்துங்க. முன்ன எப்பிடிக் கத்துவீங்களோ அதே மாதிரி. கொஞ்சங்கூட மாத்த வேண்டாம்"னா. இத்தனை வருசத்துல எனக்குன்னு ஒருத்தரும் அங்கன ஒரு நாற்காலி போட்டதில்ல அண்ணாச்சி. அதுவும் எங்க போட்டாங்கீய? நம்ம பிள்ளையளுக்குப் பக்கத்துல இல்ல. எதிர் டீம் பாடிட்டு வருவாள்லா, அந்தப் பக்கம், நடுக்கோட்டுக்குப் பக்கத்துல. முன் வரிசை மரியாதை.

சாயங்காலம் அவ பிள்ளையளைச் சாமான் ரூமுக்குள்ள கூட்டி வச்சுப் பேசிட்டு இருந்தா. நான் சன்னல் பக்கமாப் போறேன், காதுல விழுது. "பி.டி. சார் சொல்லதை ஒரு சொல்லு விடாமக் கேட்டுக்கோங்க. அவர் என்ன கத்துதாரோ அதை வச்சுத்தான் நம்ம ஆட்டம்"ங்கா. உள்ள பிள்ளைய எல்லாம் ஒரே சிரிப்பு, கைதட்டல். எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. ஒட்டுக் கேக்கக் கூடாதுன்னு வந்துட்டேன்.

அதுல இருந்து ஆட்டமே வேற. நான் "விடு விடு"ன்னு கத்துவேன், அந்த நிமிசமே பாஞ்சு பிடிச்சிருவாளுவ! என் வார்த்தையைக் கேக்கல்லேன்னு மொதல்ல மனசுக்குள்ள கொஞ்சம் வருத்தந்தான். பெறவு யோசிச்சுப் பாத்தேன். இது வார்த்தை இல்ல அண்ணாச்சி, சத்தம். என் சத்தம் காதுல விழுந்ததும் பிள்ளையளுக்கு ரத்தம் சூடாகுது. வார்த்தையை யாரு பாக்கா? இப்ப நீங்களே சொல்லுங்க, சரிதானே? சிரிக்கீய. சிரிங்க, நல்லாச் சிரிங்க, நானும் சிரிச்சிட்டுத்தான் இருக்கேன்.

தை மாசம் மண்டலப் போட்டி. எட்டு காலேஜ். முத ஆட்டம் சுளுவாப் போச்சு, பன்னெண்டு பாயிண்டு வித்தியாசம். நான் ஜெயிச்ச ஆட்டத்துல இருந்து வெளிய வாரது எப்பிடின்னு தெரியாம முழிக்கேன். கையை எங்க வைக்கணும், யாருக்குக் கை குடுக்கணும், ஒண்ணும் பிடிபடல. எதிர் டீம் பி.டி. கிட்டப் போயிப் பழக்க தோசத்துல "வாழ்த்துகள் சார்"னு சொல்லிட்டேன். அந்த மனுசன் என்னிய முறைச்சிட்டுப் போனாரு.

அரையிறுதியில ஒரு கூத்து. அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி நாலு தடவ பிடிபட்டுட்டா. நாலு தடவையும் நான் விடுன்னு கத்தும்போதுதான். அஞ்சாவது தடவை ரெப்ரீ கிட்டப் போயி நிக்கா, அழுகையும் ஆத்திரமும். "சார், அந்தப் பெரியவரு விடச் சொல்லுதாரு, இவளுவ பிடிக்காளுவ. பிடிக்கணும்னா பிடின்னு சொல்லச் சொல்லுங்க சார், இது ஏமாத்து!" ரெப்ரீ விசிலை வாயில வச்சிட்டுச் சிரிப்பை அடக்க முடியாம விசிலு தானா ஊதுது. "யம்மா, வெளிய உக்காந்திருக்கவரு என்ன கத்துனாலும் சட்டத்துல அதுக்கு இடமில்ல, போயி ஆடு"ன்னுட்டாரு. தோக்குத பிள்ளைக்குக் கோவம் வரத்தானே செய்யும். எனக்குப் பாவமா இருந்துச்சு. ஒரு பனங்கற்கண்டு குடுக்கலாம்னு கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டா.

மறுநாள் மத்தியானம் ஃபைனல். வெயிலு சுள்ளுன்னு அடிக்கு. தாளாளர் ஐயாவே கார்ல வந்துட்டாவ. எதிர்ல யாரு? ஒம்பது வருசமா கப் வாங்குத காலேஜு, பேரு எதுக்கு, விடுங்க. அவங்ககிட்ட ஒரு நெட்டைப் பிள்ளை இருந்தா. ஒரு காலை இங்க வச்சா மறு காலு எங்க விழும்னு தெரியாது. அந்தப் பிள்ளை முந்தின நாளு எங்க அரையிறுதியை முழுசும் உக்காந்து பாத்திருக்கா. நான் விடுன்னு வாயைத் திறந்ததும் அடுத்த நொடி திரும்பி ஓடிருதா! பிடிக்கவே முடியல. என் சத்தத்துக்கு அவ்வளவு பயம். மத்தவளுவளும் அதைப் பாத்துப் படிச்சுக்கிட்டாளுவ. முத பாதி முடியும்போது நாங்க ஆறு பாயிண்டு பின்னால.

இடைவேளையில சந்தனமாரி எங்கிட்ட வந்தா. வேர்த்து ஒழுகுது. "சார், ரெண்டாவது பாதியில கொஞ்சம் பேசாம இருக்கீங்களா? தொண்டைக்கு ஓய்வு குடுங்க"ன்னா. அந்தப் பதட்டத்துலயும் என் தொண்டையை நெனைச்சிருக்கா பாருங்க. நான் கைக்குட்டையைச் சுருட்டி வாயில வச்சுக் கடிச்சிட்டு உக்காந்துட்டேன்.

ரெண்டாவது பாதி. அய்யோ, அதை எப்பிடிச் சொல்ல! பாஞ்சாளுவ அண்ணாச்சி. நெட்டைப் பிள்ளைக்கு எப்போ வருவாளுவன்னே தெரியல. பேச்சித்தாய் அவ கணுக்காலைப் பிடிச்சவ விடவே இல்ல, கூடவே இழுபட்டுப் போறா, மேல ஜெனோவா, அதுக்கு மேல நாலு பேரு. ரெண்டு தடவ மொத்தமாத் தப்பு விட்டு மூணு மூணு பாயிண்டு குடுத்தாளுவ. அதுக்கும் சந்தனமாரி கை தட்டுதா. விட்டதைத் திருப்பி வாங்கினாளுவ. எனக்குக் காலு ரெண்டும் துடிக்கு. நாற்காலியில இருக்க முடியல. என் வயசுக்கு நானும் உள்ள போயி ஒருத்தி மேல பாஞ்சிரலாமான்னு தோணுது.

கடைசி அரை நிமிசம். நாங்க இருவத்தெட்டு, அவங்க இருவத்தேழு. ஒரே ஒரு பாயிண்டு மேல. கடைசிப் பாட்டு அவங்களுது. நெட்டைப் பிள்ளை வாரா. அவ ஒருத்தியைத் தொட்டுட்டுப் போனா சமம், ரெண்டு பேரைத் தொட்டா எல்லாம் போச்சு, கப்பு, டீமு, என் ஆடுகளம், எல்லாம். ஏழு பேரும் நிக்காளுவ. ஒரு சத்தம் இல்ல. அவ கபடி கபடிங்கிறது மட்டுந்தான் கேக்கு.

அப்போ எனக்கு ஒண்ணு வெளங்கிச்சு. உங்ககிட்டச் சொல்லதுக்கு என்ன? இத்தனை வருசமா நான் விடுன்னு கத்தினது பொறுமை இல்ல. பயம். பிடிக்கப் போயித் தோத்துட்டா கேவலம்னு பயம். இந்தப் பிள்ளைய ரெண்டு மாசத்துல ஒம்பது பாயிண்டை அள்ளிக் குடுத்துட்டுச் சிரிச்சாளுவ, நான் ஒரு பாயிண்டுக்குப் பயந்து வாழ்நாளையே ஓட்டிட்டேன். கைக்குட்டையைத் துப்பினேன். நாற்காலி மேலயே ஏறிட்டேன். ஏறி நின்னு, என் ஆயுசுல முத தடவை, தொண்டை கிழியக் கத்தினேன்.

"பிடி! பிடிங்கட்டி! பாஞ்சு பிடிங்கட்டி!"

ஒருத்திகூடப் பாயல.

ஏழு பேரும் ஒரே மாதிரி ரெண்டு எட்டுப் பின்னால வச்சு, கடைசிக் கோட்டுக்குப் போயி, கையைக் கட்டாத குறையா நின்னுட்டாளுவ! எனக்கு உயிரே போச்சு. சந்தனமாரி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திட்டா. அந்த நெட்டைப் பிள்ளை இருக்காளே, அவ நடுக்கோட்டைத் தாண்டி ரெண்டே அடி வச்சவ, அப்பிடியே நின்னுட்டா. என்னியப் பாக்கா. இவளுவளைப் பாக்கா. திரும்ப என்னியப் பாக்கா. வாயி மட்டும் கபடி கபடிங்கு. முன்னால ஒரு காலை வைக்கா, எடுக்கா. நான் மறுபடியும் "பிடி"ங்கேன், அவ பின்னால ஒரு அடி போறா. இவளுவ அசையல. ரெப்ரீ கையைத் தூக்கிட்டாரு, நேரம் முடியப் போவுது. அவ பதறிப் போயித் திரும்பி ஓடிட்டா. உள்ளுக்குள்ள ஒரு கோடு போட்டிருக்கும் அண்ணாச்சி, பாடி வாரவ யாரையும் தொடாட்டி அதையாவது தாண்டிட்டுத்தான் திரும்பணும். அவ தாண்டல. அவுட்டு! இருவத்தொம்பது, இருவத்தேழு. விசிலு!

பெறவு என்ன நடந்துச்சுன்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. நாற்காலியோட நான் விழுந்தேன்னு சொல்லுதாவ. தாளாளர் ஐயா வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு மைதானத்துல ஓடினாவ. "ஷெட்டைக் கேண்டீன் பின்னால போட்டுக்கலாம்வே"ன்னு என்னியக் கட்டிப் பிடிச்சுச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு. நான் சின்னப்பிள்ளை மாதிரி ஓன்னு அழுதேன்.

அழுது முடிச்சிட்டு ஜெனோவாவைப் பிடிச்சுக் கேட்டேன். "ஏட்டி, பிடின்னு கத்தினேனே, ஏன் நின்னீய?" அவ மூச்சு வாங்கிட்டே சந்தனமாரியை ஒரு பார்வை பாத்தா. "நீங்க சொன்னா அதை எப்பிடி எடுத்துக்கணும்னு எங்களுக்குத் தெரியும் சார்"னா. அவ்வளவு புத்தி.

எல்லாரும் போன பெறவு சந்தனமாரிகிட்டத் தனியாக் கேட்டேன். மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. பாய்ச்சல் அவ சொல்லிக் குடுத்தது, பாஞ்சது பிள்ளைய. "மேடம், மறைக்காமச் சொல்லுங்க. நான் இல்லாட்டியும் நீங்க ஜெயிச்சிருப்பீங்கல்லா?"ன்னேன். அவ தரையைப் பாத்து யோசிச்சா. பெறவு நிமிந்து, "இல்ல சார். சத்தியமா ஜெயிச்சிருக்க மாட்டோம்"னா. அவ பொய் சொல்லமாட்டா அண்ணாச்சி, முகத்துக்கு நேரா எதையும் சொல்லிருவா. அந்தச் சொல்லு எனக்குப் போதும். சால்வையை விட, கடியாரத்தை விட அதுதான் பெருசு.

இப்போ தின்னவேலியில பல்கலைக்கழகப் போட்டி. காலேஜ்ல புது பி.டி. வந்துட்டாரு, சின்ன வயசு, நல்லாப் படிச்ச பையன். மைதானத்துல அவரு வாயைத் திறக்கக் கூடாதுன்னு சந்தனமாரி முதல் நாளே சொல்லிட்டாளாம். ரிட்டயர் ஆன எனக்குத்தான் ஆளனுப்பினா. "சார் வரணும், வந்தே ஆகணும், ரெண்டு நாளைக்கு எங்கயும் பேசாதீங்க"ன்னு.

ஒரு நிமிசம் இருங்க, போன் அடிக்கு. ஜெனோவாதான்.

ஏட்டி, வந்துட்டேன்ட்டி, பாளையங்கோட்டை தாண்டிட்டு. ஆமா. மேடமா? குடு. வணக்கம் மேடம். ஆமா மேடம், நல்லா இருக்கு, காலையில இருந்து கற்கண்டுதான். இல்லல்ல, யாருகிட்டயும் பேசல, வாயைத் திறக்கல. சரி மேடம். விடு மட்டுந்தான். சரி. பிடி வந்துச்சுன்னா உங்களைப் பாத்துட்டு, நீங்க தலையை ஆட்டின பெறவு. சரிங்க மேடம். வச்சிருதேன்.

கேட்டீயளா? பிடிங்கிற சொல்லைச் சும்மா செலவழிக்கக் கூடாதாம். அதை ஆபத்துக்குன்னு பத்திரமா எடுத்து வச்சிருக்கா. இந்தா, ஸ்டாண்டு வந்துட்டு. மூணு மணிக்கு ஆட்டம், மைதானம் பக்கத்துலதான். உங்களுக்கு வேற வேலை இருந்தாலும் பரவாயில்ல, டீக்கடையில நின்னுட்டு மூணரைக்குக் காதைக் குடுங்க. என் சத்தம் அங்கன வரைக்கும் கேக்கும்.